கரையில் கட்டிய சிவப்பு ரிப்பன்

செங்கல்பட்டுக்குப் பக்கத்தில் ஒரு பெரிய கார் கம்பெனியில் நான் துப்புரவு வேலை பார்க்கிறேன். வண்டிக்கு ஒவ்வொரு பாகமாக மாட்டிக்கொண்டே நகர்த்திப் போகிற நீளமான கொட்டகை ஒன்று உண்டு. அதை லைன் என்பார்கள். அந்த லைனுக்குக் கீழே இருக்கும் தரை என் பொறுப்பு. எண்ணெய் சிந்தினால் துடைப்பேன், விழுந்த கிளிப்புகளைப் பொறுக்குவேன், அட்டைப்பெட்டிகளை மடித்துத் தள்ளிக்கொண்டு போவேன். கம்பெனி ஆட்களுக்கு நீலச் சட்டை. என்னைப்போல் காண்ட்ராக்டில் வருகிறவர்களுக்குச் சாம்பல் நிறச் சட்டை.

அங்கே ஒரு பழக்கம் இருக்கிறது. ஒரு பொருள் தன் இடத்தில் இல்லாமல், யாருடையது என்று எழுதாமல், யாரும் தொடாமல் கிடந்தால் அதில் ஒரு சிவப்புச் சீட்டைக் கட்டிவிடுவார்கள். ரெட் டேக் என்று பெயர். குறித்த நேரத்துக்குள் அதற்குச் சொந்தக்காரர் வந்து, இது என்னுடையது, எனக்குத் தேவை என்று சொல்லிச் சீட்டை அவிழ்க்கவேண்டும். யாரும் வராவிட்டால் அந்தப் பொருள் வெளியே போய்விடும். நியாயமான ஏற்பாடுதான். எத்தனை பெரிய அதிகாரியின் நாற்காலியானாலும் கட்டுவார்கள்.

ஒரு முறை என் வாளிக்கே கட்டிவிட்டார்கள். டீ குடிக்கப் போனவன் அதைத் தூண் ஓரம் வைத்துவிட்டுப் போயிருந்தேன். திரும்பி வந்தால் கைப்பிடியில் சீட்டு தொங்குகிறது. போய், ஐயா அது என் வாளி என்று ஒரு வார்த்தை சொன்னால் முடிந்தது. எனக்கு அந்த ஒரு வார்த்தை வரவில்லை. பக்கத்துக் கொட்டகையில் இரவல் வாளி வாங்கி வேலை செய்தேன். என் வாளி என் கண்ணெதிரே வண்டியேறிப் போனது. கேன்டீன் சூப்பர்வைசருக்கு இது தெரிந்துபோய், என்னைப் பார்க்கும்போதெல்லாம் சொல்வார்:

"யோவ், நீ இப்படியே அசையாம நின்னுகினு இருந்தின்னா ஒரு நாள் உன் கழுத்துலயும் கட்டி அனுப்பிடுவாங்க."

நான் சிறுவயதிலிருந்தே இப்படித்தான். அஞ்சாவது வரை படித்தேன். வாத்தியார் கேள்வி கேட்டால் பதில் தெரிந்தும் எழுந்து நிற்கமாட்டேன். பஸ்ஸில் இறங்கவேண்டிய இடம் தாண்டிப் போனாலும் குரல் கொடுக்கமாட்டேன், வேறு யாராவது இறங்கும் இடத்தில் இறங்கி நடந்து வருவேன். எனக்குக் கல்யாணமான புதிதில் என் மனைவி தன் அம்மாவிடம், மாப்பிள்ளைக்குப் பேச்சு வருமா என்று முதலிலேயே விசாரித்தீர்களா என்று கேட்டாளாம். இன்றைக்கும் அதைச் சொல்லிச் சிரிப்பாள்.

கேன்டீனில் எங்கே உட்காருவது என்பதே எனக்குத் தினமும் ஒரு கஷ்டமாக இருந்தது. நீலச் சட்டை, சாம்பல் சட்டை யார் வேண்டுமானாலும் எங்கே வேண்டுமானாலும் உட்காரலாம் என்று சுவரில் எழுதி ஒட்டியிருக்கிறார்கள். ஆனாலும் தட்டை ஏந்திக்கொண்டு ஒரு மேசையை நோக்கிப் போவது என்றால் எனக்குக் கால் கனக்கும். உட்கார்ந்தால் பேசவேண்டும். பேசாவிட்டால் ஏன் பேசவில்லை என்று கேட்பார்கள்.

கம்பெனியில் காது கேளாதவர்களையும் லைன் வேலைக்கு எடுக்கிறார்கள். தள்ளுவண்டி ஓட்டுகிறவர்கள் பார்த்துப் போகவேண்டும் என்பதற்காக அவர்கள் தோளில் ஒரு மஞ்சள் பட்டை இருக்கும். ஜன்னல் ஓரத்தில் அவர்களுக்கு ஒரு மேசை. ஒரு நாள் வேறு இடமில்லாமல் அங்கே போய் உட்கார்ந்தேன். யாரும் என்னிடம் எதுவும் கேட்கவில்லை. கைகள் மட்டும் மேசைக்கு மேலே பறந்துகொண்டிருந்தன. நான் நிம்மதியாகச் சாப்பிட்டேன். மறுநாளும் போனேன்.

அப்படிப் பக்கத்தில் உட்கார்ந்து உட்கார்ந்தே அந்தக் கைப்பேச்சு எனக்குள் இறங்க ஆரம்பித்தது. வியாழக்கிழமைகளில் ஒரு டீச்சர் வந்து சூப்பர்வைசர்களுக்கும் லைன் ஆட்களுக்கும் சைகை சொல்லிக் கொடுப்பார். அந்த அறையை நான்தான் பெருக்குவேன். ஒரு நாள் அந்த டீச்சர் என் துடைப்பத்தை வாங்கிச் சுவரில் சாத்திவிட்டு, நீங்களும் உட்காருங்கள் என்றார். கடைசி வரிசையில் உட்கார்ந்தேன். வாயால் பேசும்போது என்னைப் பிடித்துக்கொள்கிற கூச்சம் கையால் பேசும்போது ஏனோ வருவதில்லை. அந்த மேசையில் எல்லோருக்கும் ஒரு சைகைப் பெயர் உண்டு. மேனேஜருக்கு மூக்குக் கண்ணாடியைத் தள்ளிவிடும் சைகை. எனக்குத் தலை குனிந்து தரையைப் பார்ப்பது. முதலில் வெட்கமாக இருந்தது. பிறகு யாராவது அந்தச் சைகையைக் காட்டினாலே சிரிப்பு வந்துவிடும்.

அந்த மேசையில் ஒரு பெண். லைனில் கார் கதவுகளைச் சுற்றி ரப்பர் மாட்டுகிற வேலை. மாமல்லபுரத்துக்கு வடக்கே, நெம்மேலிக்குப் போகிற வழியில் ஒரு மீனவக் குப்பம் அவள் ஊர். பிறந்ததிலிருந்தே காது கேட்காது. அப்பா அவள் சின்னவளாக இருக்கும்போதே போய்விட்டார், அம்மா சில வருடங்களுக்கு முன்பு. அண்ணன்தான் எல்லாம். அவன் படகு வைத்திருக்கிறான்.

வேலை கிடைத்தபோது அந்த அண்ணன் ஒரு நிபந்தனை போட்டானாம். கம்பெனி பஸ் ஊர் வாசலில் வந்து ஏற்றி, ஊர் வாசலிலேயே இறக்கிவிடவேண்டும். அப்படியானால்தான் அனுப்புவேன் என்றானாம். கம்பெனியும் ஒத்துக்கொண்டது. காலை ஷிப்டுக்கு அந்த பஸ் இருட்டோடு அவள் ஊரிலிருந்து கிளம்பி, மாமல்லபுரம் வந்து, திருக்கழுக்குன்றத்தில் என்னை ஏற்றிக்கொண்டு செங்கல்பட்டு போகும். நான் ஏறும்போது அவள் ஜன்னலில் சாய்ந்து தூங்கிக்கொண்டிருப்பாள். அந்த பஸ் இல்லையென்றால் அவளுக்கு வேலை இல்லை. இது எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

கம்பெனியில் அவ்வப்போது ஒரு ஞாயிற்றுக்கிழமை ஏதாவது ஓர் ஊருக்குப் போய் வேலை செய்வார்கள். ஏரிக்கரையில் கன்று நடுவது, பள்ளிக்கூடத்துக்கு வெள்ளையடிப்பது, இப்படி. எந்த ஊருக்குப் போகலாம் என்று கேட்டபோது அந்தப் பெண் தன் குப்பத்தைச் சொன்னாள். பால்வாடிச் சுவருக்கு வர்ணம் அடிக்கலாம், கரையைச் சுத்தம் செய்யலாம் என்றாள். சாப்பாட்டு மேசையில் அவள் அதைப் பற்றியே பேசினாள். எங்கள் ஊர் ஜனங்கள் உங்களைப் பார்க்கவேண்டும், நீங்கள் எங்கள் ஊரைப் பார்க்கவேண்டும் என்று ஒரே பரபரப்பு. அன்று போட்டுக்கொள்ள எல்லோருக்கும் ஒரே மாதிரி வெள்ளை பனியன் கொடுத்தார்கள். எனக்கும் கொடுத்தார்கள். நீலமும் இல்லை, சாம்பலும் இல்லை. வீட்டில் போட்டுப் பார்த்தேன். என் மனைவி, இன்னா மாப்ள மாதிரி கீற என்றாள்.

நாங்கள் போன ஞாயிற்றுக்கிழமை நல்ல முகூர்த்த நாள். பக்கத்துக் குப்பத்தில் கல்யாணம். ஊரில் பாதிக்கு மேல் அங்கே போயிருந்தார்கள். கருவாடு காயப்போட்டுக்கொண்டிருந்த சில பெண்களும் பிள்ளைகளும்தான் இருந்தார்கள். அந்தப் பெண் வர்ணம் அடிக்கும் கூட்டத்தோடு பால்வாடிக்குப் போய்விட்டாள். அது சாலையோரம், கரையிலிருந்து தள்ளி. நாங்கள் கரைக்குப் போனோம்.

சவுக்குத் தோப்பின் ஓரத்தில் குவியல் குவியலாகக் கிடந்தது. காய்ந்த தென்னை ஓலைக் கட்டுகள், கிழிந்த வலைகள், பழைய கோணிகள், காலி பிளாஸ்டிக் கேன்கள், உடைந்த தெர்மாகோல். எங்கள் கண்ணுக்கு அது என்னவாகத் தெரியும்? ஆனாலும் நாங்கள் எடுத்த எடுப்பில் தூக்கிவிடவில்லை. அதுதான் எங்கள் பழக்கத்தின் விசேஷம். மேனேஜர் ஒரு சிவப்பு ரிப்பன் சுருளைக் கொண்டுவந்திருந்தார். ஒவ்வொரு குவியலிலும் ஒரு துண்டு கட்டச் சொன்னார். கம்பெனியில் செய்கிற மாதிரியே. யாருடையதாவது இருந்தால் வந்து சொல்லட்டும், ஒரு மணி நேரம் பார்ப்போம் என்றார். நானும் கட்டினேன்.

கருவாட்டுக்காரம்மா ஒருத்தி தலையை நிமிர்த்தி, "இன்னாத்துக்குப்பா ரிப்பன்?" என்றாள்.

"சுத்தம் பண்றோம்மா," என்றார் எங்களில் ஒருவர்.

"ரோடு போடப் போறாங்களா?"

"இல்லம்மா, சும்மா சுத்தம்தான்."

"அளந்துட்டுப் போறவன் எல்லாம் இத்தான் சொல்றான்," என்று அவள் மறுபடியும் கருவாட்டைப் புரட்டப் போய்விட்டாள்.

ஒரு மணி நேரம் ஆனது. கருவாட்டுக்காரப் பெண்களும் வெயில் ஏறியதும் வீட்டுக்குப் போய்விட்டார்கள். யாரும் வரவில்லை. எங்கள் வழக்கப்படி எல்லாம் சரி. தூக்கினோம். வந்திருந்த லாரி நிறைந்து கிளம்பிப் போனது. கரை துடைத்துவிட்ட தரை மாதிரி இருந்தது. பேனர் பிடித்து போட்டோ எடுத்துக்கொண்டு, சவுக்கு நிழலில் எலுமிச்சை சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்தோம்.

கல்யாணத்துக்குப் போனவர்கள் அப்போதுதான் திரும்பினார்கள். பட்டு வேட்டியோடு முன்னால் வந்த ஓர் ஆள் கரையைப் பார்த்து அப்படியே நின்றான். அந்தப் பெண்ணின் முகம் அவனுக்கு இருந்தது. அண்ணன் என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

"இங்க இருந்த கட்டுலாம் எங்க?"

"எந்தக் கட்டு சார்?" என்று மேனேஜர் பொட்டலத்தைக் கீழே வைத்துவிட்டு எழுந்தார்.

"சாரெல்லாம் வாணாம். ஓல, வல, கேனு. இத்தினி நாளா கட்டி வச்சிருந்தோமே, எங்க?"

"அது... லாரியில ஏத்தி அனுப்பிட்டோம். ரிப்பன் கட்டி ஒரு மணி நேரம் வெயிட் பண்ணோம். யாரும் வரல."

"ரிப்பனப் பாத்துட்டு நாங்க இன்னான்னு நெனைக்கறது? கட தெறக்கறீங்கன்னா?"

பின்னால் இரண்டு பேர் சிரித்தார்கள். அவன் சிரிக்கவில்லை. விஷயம் பிறகுதான் எங்களுக்குப் புரிந்தது. ஓலைக் கட்டோடு பழைய வலையையும் மணல் மூட்டையையும் சேர்த்துக் கட்டிக் கடலுக்குள் இறக்குவார்களாம். அந்த நிழலுக்கு, விரல் விரலாகக் கை தொங்கும் கணவாய் மீன்கள் வந்து கூடும். கேனும் தெர்மாகோலும் மேலே மிதந்து இடத்தைக் காட்டும். பருவம் தொடங்கப் போகிறது என்று படகுக்காரர்கள் எல்லோரும் கட்டித் தயாராக வைத்திருந்தார்கள். லாரிக்காரருக்கு போன் போட்டார்கள். குப்பைக் கிடங்கில் கொட்டி மண்ணைத் தள்ளியாகிவிட்டது என்றார்.

அந்தப் பெண் கையெல்லாம் வர்ணத்தோடு ஓடிவந்தாள். அண்ணன் வாயையும் மேனேஜர் வாயையும் மாறி மாறிப் பார்த்தாள். என்ன, என்ன என்று அண்ணனிடம் கையைக் காட்டினாள். அவன் அவள் பக்கம் திரும்பாமலே ஒரு கையை வெளியே விசிறினான். பிறகு எங்களைப் பார்த்துச் சொன்னான்:

"இனிமே உங்க பஸ்ஸு இந்த ஊர்ப் பக்கம் வரக்கூடாது."

பஞ்சாயத்தார் வந்து, நாளை சாயங்காலம் பேசிக்கொள்ளலாம், அதுவரைக்கும் பஸ் வரவேண்டாம் என்று முடித்தார்கள். மறுநாள் காலையில் பஸ் மாமல்லபுரத்திலிருந்தே கிளம்பியது. நான் ஏறியபோது அவள் இல்லை. லைனில் அவள் இடத்தில் வேறொருவர் ரப்பர் மாட்டிக்கொண்டிருந்தார்.

ஷிப்டு முடிந்து மத்தியானம் வீட்டுக்கு வந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். போனில் வீடியோ அழைப்பு. எனக்கு யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை. அவள்தான். போனைச் சொம்பில் சாய்த்து வைத்துக்கொண்டு இரண்டு கையாலும் பேசினேன். என் மனைவி அடுப்படி வாசலில் வந்து நின்றாள்.

அவள் கேட்டது இதுதான். சாயங்காலம் பஞ்சாயத்தில் அவளும் பேசவேண்டும். அவள் கை பேசுவதை வாயால் சொல்ல ஆள் வேண்டும். டீச்சர் வியாழக்கிழமைதான் வரமுடியுமாம். நீங்கள் வாருங்கள் என்றாள்.

நான் என் தொண்டையைக் காட்டி, வராது என்றேன்.

உங்களை யார் பேசச் சொன்னது, பேசப் போவது நான்தான், என்றாள்.

போன் அணைந்தது. மனைவியிடம் விஷயத்தைச் சொன்னேன். அவள் இஸ்திரிப் பெட்டியை எடுத்துச் சூடுவைத்தாள்.

"எங்கிட்டயே நீ முழுசா நாலு வார்த்த பேசினதில்ல. போ, அந்தக் கடல்காரங்கிட்டயாச்சும் பேசு," என்று என் வெள்ளைச் சட்டையைத் தேய்க்க ஆரம்பித்தாள்.

வலை பின்னுகிற தகரக் கொட்டகையில் கூடினார்கள். பஞ்சாயத்தார் நாற்காலியில், மற்றவர்கள் மணலில். மேனேஜர் நேராக எழுந்து, தப்பு எங்களுடையது, மன்னித்துவிடுங்கள், எல்லாவற்றையும் புதிதாக வாங்கித் தருகிறோம் என்றார். பெரியவர் ஒருவர் தலையை ஆட்டினார்.

"கடையில விக்கற சாமானா தம்பி அது? அவனவன் கைக்குத் தக்கன கட்டி வச்சது."

அதற்குள் அவள் எழுந்தாள். நானும் எழவேண்டியிருந்தது. அவளுக்கு எதிரே, அவள் கை தெரிகிற மாதிரி நின்றேன். எத்தனை முகங்கள் என்று நான் பார்க்கவில்லை. அவள் கையை மட்டும் பார்த்தேன்.

"நான்தான் இவங்களக் கூப்பிட்டேன்," என்றேன். அவள் 'நான்' என்று சொன்னால் நீங்களும் 'நான்' என்றே சொல்லுங்கள் என்று டீச்சர் சொல்லிக் கொடுத்திருந்தார்.

"சத்தமா பேசுப்பா, கொசு பேசற மாதிரி கீது," என்றது ஒரு குரல்.

திரும்பச் சொன்னேன். அண்ணன் என்னைப் பார்த்துப் பதில் சொன்னான்.

"கேளு அண்ணாத்த. அந்த வேல இல்லாட்டி இவளுக்கு இன்னா கொறஞ்சுபூடும்னு கேளு. வூட்ல சோறு இல்லியா?"

நான் அதைக் கையால் சொன்னேன். அவள் பதில் சொல்லாமல், அவன் ஏன் உங்களைப் பார்க்கிறான், என்னைப் பார்க்கச் சொல்லுங்கள் என்றாள். நான் அண்ணன் பக்கம் திரும்பினேன்.

"என்னப் பாக்காதீங்க. அவங்களப் பாத்துப் பேசுங்க. நான் இங்க இல்லன்னு நெனச்சிக்குங்க."

"நீ கீறதே எங்களுக்குத் தெரியலயே," என்றான் ஒருவன். எல்லோரும் சிரித்தார்கள். அண்ணன் அரைகுறையாக அவள் பக்கம் திரும்பினான்.

அவள் பேசினாள். நீளமாகப் பேசினாள். அது ஊர் முன்னால் ஓர் அண்ணனிடம் சொல்லுகிற பேச்சில்லை. நான் அதை விழுங்கிவிட்டுச் சொன்னேன்:

"வேலை ரொம்பப் புடிச்சிருக்காம்."

அண்ணன் என்னைப் பார்த்தான். "இவ்ளோ நேரம் கைய ஆட்னதுக்கு இவ்ளோதானா?"

அவளும் அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் எதிர்பார்த்த முகம் அங்கே வரவில்லை. என் பக்கம் திரும்பி, முழுசாகச் சொல்லுங்கள் என்றாள்.

ஊர் முன்னால் வேண்டாம் என்றேன் கையால்.

ஊர் முன்னால்தான், என்றாள். பிறகு முதலிலிருந்து மெதுவாக ஆரம்பித்தாள். ஒவ்வொன்றாக நிறுத்தி, நான் சொல்லி முடிக்கும்வரை காத்திருந்து, அடுத்ததைச் சொன்னாள்.

"அங்க லைன் நின்னா, ஏன் நின்னுச்சுன்னு யாராச்சும் எங்கிட்ட வந்து சொல்றாங்க. டீ குடிக்கறப்ப ஒருத்தன் ஜோக் சொன்னா, எனக்கும் திரும்பிச் சொல்றாங்க. வூட்ல நீங்கல்லாம் சிரிக்கறப்ப இன்னான்னு நான் கேப்பேன். அப்பால சொல்றேன்னு கைய காட்டுவ. சண்ட போடறப்ப கேப்பேன். அப்பாலம்ப. அம்மாவ ஆஸ்பத்திரிலேந்து தூக்கினு வந்தப்ப, எல்லாரும் அழுதுகினு இருந்தீங்க. நான் உன் சட்டையப் புடிச்சிக் கேட்டேன். அப்பாலன்ன. அந்த அப்பால இன்னும் வரல."

இருமிவிட்டு மீதியைச் சொன்னேன்.

"நேத்து கூட இங்க இன்னா நடக்குதுன்னு கேட்டேன். கைய விசிறின. எனக்குச் சோறு எங்கயும் கெடைக்கும். சொல்றதுக்கு ஆளு அங்கதான் கீறாங்க."

அண்ணன் வேட்டி நுனியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். கையை எடுத்து என்னமோ சொல்ல வந்தான். அந்தக் கைக்கு ஒன்றும் தெரியவில்லை. திரும்ப மடியில் வைத்துக்கொண்டான்.

அவள் பஞ்சாயத்தாரைப் பார்த்தாள். இந்த முறை சுருக்கமாகத்தான் சொன்னாள். ரப்பர் மாட்ட எனக்குத் தெரியாது, இவர்கள் பக்கத்தில் நின்று காட்டிக் கொடுத்தார்கள். கட்டு கட்ட இவர்களுக்குத் தெரியாது. நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து காட்டிக் கொடுங்கள். எடுத்தவர்களே கட்டட்டும். சரியாகக் கட்டாவிட்டால் அப்போது பஸ்ஸை நிறுத்துங்கள்.

பெரியவர் மேனேஜரைப் பார்த்தார். "வருவீங்களா?"

"வருவோம். எல்லாரும் வருவோம்," என்றார் மேனேஜர்.

"பனியன் வாணாம். பழைய துணி எடுத்துனு வாங்க."

பெரியவர் அண்ணனைக் கேட்டார், நீ என்ன சொல்கிறாய் என்று. அவன் அவரைப் பார்க்கவில்லை. தங்கச்சியைப் பார்த்து, கையால் ஒரு ஸ்டியரிங்கைத் திருப்புவதுபோல் காட்டி, ஊர் வாசல் பக்கம் விரலை நீட்டினான். பஸ் வரட்டும். அதை யாரும் வாயால் சொல்லவேண்டியிருக்கவில்லை.

அன்று வீட்டுக்கு வந்ததும் மனைவி, "பேசினியா?" என்றாள். எல்லாவற்றையும் சொன்னேன். ஆஸ்பத்திரி விஷயம் வந்தபோது அவள் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். அப்புறம், "இவ்ளோ பேச வருதே உனக்கு. இத்தினி வருஷம் எங்க வச்சிருந்த?" என்றாள்.

செவ்வாய்க்கிழமை காலையில் பஸ் வந்து நின்றபோது நான் உடனே ஏறவில்லை. கீழே நின்றே ஜன்னல்களைப் பார்த்தேன். டிரைவர் ஹாரன் அடித்தார். அந்தப் பெண் ஜன்னலில் சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்தாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்கு ஓலை வேண்டும். படாளத்தில் என் மனைவியின் அண்ணனுக்குக் கொஞ்சம் தென்னை மரங்கள் இருக்கின்றன. அவரிடம் போய் நானே கேட்டேன்.

"ஓல எத்தினி வேணும்னாலும் எடுத்துக்க மச்சான். இன்னாத்துக்குன்னு மட்டும் சொல்லு."

"கடல்ல போட."

"கடல்லயா?" என்று என் நெற்றியில் கைவைத்துப் பார்த்தார். கடைசியில் அவரும் வண்டியில் ஏறிக்கொண்டு வேடிக்கை பார்க்க வந்துவிட்டார்.

காலையிலேயே உட்கார்ந்தோம். ஒரு படகுக்காரருக்குப் பக்கத்தில் எங்கள் ஆட்கள் இரண்டு மூன்று பேர். ஓலையை எப்படி மடிப்பது, வலையை எந்தப் பக்கம் சுற்றுவது, மூட்டையை எங்கே தொங்கவிடுவது என்று காட்டினார்கள். நான் மணல் அள்ளிக் கோணியில் கொட்டிக்கொண்டிருந்தேன். எனக்கு அது பிடித்த வேலை. குனிந்தபடியே செய்யலாம். அந்தப் பெண் அண்ணனுக்குப் பக்கத்தில் கயிறு அறுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

மேனேஜர் ரொம்ப நேரம் ஒரே முடிச்சோடு போராடினார். அதைப் பார்த்துக்கொண்டிருந்த ஒரு படகுக்காரர் சொன்னார்:

"சாரு போடற முடிச்சப் பாத்தா, கணவா மீனு கஷ்டப்படவே வாணாம். அதுவே அவுத்துனு, கட்டையும் தூக்கினு வூட்டுக்குப் பூடும்."

மேனேஜர் உட்பட எல்லோரும் சிரித்தார்கள். அவள் கயிற்றிலிருந்து தலையைத் தூக்கி ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். அண்ணனிடம் புருவத்தை உயர்த்தினாள்.

நான் கோணியை விட்டுவிட்டு ஓர் அடி எடுத்து வைத்தேன். அண்ணன் என்னைப் பார்க்காமலே உள்ளங்கையைக் காட்டி நிறுத்தினான். கையிலிருந்த கயிற்றைக் கீழே வைத்தான். மேனேஜரைக் காட்டினான். முடிச்சைக் காட்டினான். விரல்களை எல்லாம் தொங்கவிட்டுக் கணவாய் மாதிரி ஆட்டினான். அவளுக்குப் புரியவில்லை. தலையை ஆட்டினாள். மறுபடியும் முதலிலிருந்து தொடங்கினான். இந்த முறை கணவாய் முடிச்சை அவிழ்த்தது. ஆனால் அப்புறம் அது எங்கே போகிறது என்று காட்டத் தெரியாமல் திணறினான். ஜோக் சொன்னவர்கூட அதை மறந்துவிட்டு, என்ன செய்கிறான் இவன் என்று பார்க்க ஆரம்பித்தார். ஒவ்வொருவராகக் கையை நிறுத்தினார்கள்.

அவன் எழுந்தான். ஓர் ஓலைக் கட்டைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டான். தளர்ந்த நடையில், ஒரு கையைக் கணவாய் மாதிரி ஆட்டிக்கொண்டே, கடலைப் பார்த்து நடந்தான். அலை வந்து அவன் வேட்டியை நனைத்தது. அங்கே நின்று திரும்பி அவளைப் பார்த்தான்.

அவள் சிரித்தாள். சத்தமாகச் சிரித்தாள். சிரித்துக்கொண்டே மேனேஜரின் முடிச்சைச் சுட்டிக்காட்டினாள். மேனேஜர் இரண்டு கையையும் தூக்கிக் கும்பிட்டார். அண்ணன் கட்டோடு அப்படியே தண்ணீரில் நின்றான், அவள் சிரித்து முடிக்கும்வரை.